சினைப்பை நீர்க்கட்டியும் மகப்பேறும்

மணமாகி ஓராண்டு நிறைந்ததும் நம் கிராமங்களில் எழும் முதற்கேள்வி, "வீட்டில் விசேஷம் ஏதேனும் உண்டா?" என்பதாகும். முதலாண்டில் அது அன்போடு கேட்கப்பெறுகிறது. இரண்டாம் ஆண்டில் கவலையோடு கேட்கப்பெறுகிறது. மூன்றாம் ஆண்டிலோ கேள்வியாக நில்லாமல் குற்றச்சாட்டாகவே மாறிவிடுகிறது. அடுத்த வீட்டு வளைகாப்பில் வளையல் இட அவளை முன்னே அழைப்பதில்லை. கோயில் மரத்தில் தொட்டில் கட்டுபவளும் அவளே. நோன்பு நோற்பவளும் அவளே. ஊராரின் ஏச்சைக் கேட்பவளும் அவளே. கணவனையும் பரிசோதித்தல் வேண்டும் என்னும் எண்ணம் பலருக்குத் தோன்றுவதேயில்லை.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவன் திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்சாலையொன்றில் பணிபுரிகிறான். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஊர் வருகிறான். மனைவி மாமனார் மாமியாருடன் ஊரிலிருந்து இரண்டு கறவை மாடுகளைப் பேணுகிறாள். மணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவளுக்கு மாதவிலக்கு மூன்று திங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. யாரோ சொல்லக் கேட்டு, தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகளையெல்லாம் அடகு வைத்து, நகரத்திலுள்ள பெரிய கருத்தரிப்பு மையத்தில் "சோதனைக் குழாய்க் குழந்தை" பெற்றுக்கொள்வது என்று குடும்பத்தார் முடிவு செய்கின்றனர். அதற்கு முன் அப்பெண்ணுக்கு ஒரு மாத்திரைகூடக் கொடுத்துப் பார்க்கப்படவில்லை. கணவனுக்கு ஒரு பரிசோதனையும் நடக்கவில்லை.

இதுபோன்ற குடும்பங்கள் நம் நாட்டில் ஒன்றிரண்டல்ல. அப்பெண்ணின் குறை பெரும்பாலும் எளிதாக அறியத்தக்கது, படிப்படியாகத் தீர்க்கத்தக்கது, முதற்படிகளுக்கு ஆகும் செலவும் மிகச் சிறிது. ஏணியின் கீழ்ப்படிகளை விட்டுவிட்டு உச்சிப்படிக்குத் தாவுவதனால்தான் பல குடும்பங்கள் கடனில் ஆழ்கின்றன. அப்படிகள் யாவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீர்க்கட்டி என்பது யாது?

மருத்துவர் சீட்டில் "பி.சி.ஓ.எஸ்." என்று எழுதப்பெறும் இக்குறையைப் பொதுமக்கள் "கர்ப்பப்பையில் நீர்க்கட்டி" என்கின்றனர். இப்பெயரில் இரண்டு பிழைகள் உள்ளன. முதலாவதாக, இது கருப்பையில் தோன்றுவதன்று. கருப்பையின் இருபுறமும் உள்ள சினைப்பைகளைச் சார்ந்தது. இரண்டாவதாக, அறுத்து எறிய வேண்டிய கட்டியும் அன்று. ஊடொலிப் படத்தில், அதாவது ஸ்கேனில், சிறு சிறு நீர்த்துளிகள் போலத் தோன்றுபவை முழு வளர்ச்சி பெறாமல் நின்றுபோன சினைக்கூடுகளேயாகும். ஒவ்வொரு கூட்டினுள்ளும் ஒரு முட்டை உண்டு. எனவே, இப்பெண்களிடம் முட்டை இல்லை என்பதன்று குறை. முட்டை முதிர்ந்து வெளிவருவதில்லை என்பதே குறை. இந்த வேறுபாட்டை நன்கு மனத்தில் இருத்துதல் வேண்டும். நம்பிக்கைக்கு அடிப்படை இதுவே.

நாற்றங்காலை நினைவு கூர்ந்தால் இது எளிதில் விளங்கும். விதையெல்லாம் முளைத்து நிற்கின்றன. ஆயினும் ஒன்றும் நடுவதற்கேற்ற வளர்ச்சி பெறவில்லை. அப்போது உழவர் விதையைப் பழிப்பதில்லை. நீரையும் உரத்தையும் மண்ணையும் சீர்தூக்கிப் பார்க்கிறார். உடலிலும் அவ்வாறே. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி ஒவ்வொரு திங்களும் ஹார்மோன்களைச் சுரந்து சினைப்பையைத் தூண்டுகிறது. அத்தூண்டுதலால் பல கூடுகள் வளரத் தொடங்கி, அவற்றுள் ஒன்று மட்டும் முந்தி முதிர்ந்து வெடித்து முட்டையை வெளியிடுகிறது. முட்டை கருக்குழாயை அடைந்து ஆணின் விந்தணுவோடு சேருமாயின் கரு உண்டாகிறது. சேராவிடில் ஏறத்தாழ இரு வாரங்களில் மாதவிலக்கு வருகிறது. நீர்க்கட்டிக் குறையில் இந்த ஒழுங்கு குலைகிறது. கூடுகள் சில மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகின்றன. முட்டை வெளிவராமையால் மாதவிலக்கும் தள்ளிப் போகிறது.

இதற்கு ஒரு முக்கியக் காரணம் இன்சுலின். உண்ட உணவிலுள்ள சர்க்கரையை உடல் பயன்படுத்திக்கொள்ள உதவும் ஹார்மோன் இது. சிலருடைய உடல் இன்சுலினுக்கு எளிதில் செவிசாய்ப்பதில்லை. அதனை ஈடுசெய்யக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுதியான இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண்தன்மைக்குரிய ஹார்மோன்களை அளவுக்கு மேல் சுரக்கச் செய்கிறது. இதனால் சினைக்கூடுகளின் வளர்ச்சி தடைப்படுகிறது. முகத்தில் மயிரும் பருவும் தோன்றுகின்றன. குடும்ப வழியாகவும் இக்குறை வருவதுண்டு. தாய்க்கோ தமக்கைக்கோ இருந்தால் இளையவளுக்கும் இருக்கக்கூடும். இதில் சாபத்திற்கும் பழிக்கும் இடமேயில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, கருவுறும் வயதிலுள்ள பெண்கள் நூற்றுவருள் 10 முதல் 13 பேருக்கு இக்குறை உண்டு. அவர்களுள் 70 விழுக்காடு வரையிலானோர் தமக்கு இது இருப்பதையே அறியாதிருக்கின்றனர்.

கண்டறிந்த வரலாறு

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த ஸ்டைன், லெவெந்தால் என்னும் இரு மருத்துவர்கள், மாதவிலக்கு வராத ஏழு பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஏழு பேருக்கும் சினைப்பைகள் பருத்திருந்தன. சினைப்பையிலிருந்து ஆப்பு வடிவில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தபின் எழுவருக்கும் மாதவிலக்கு திரும்பியது, இருவர் கருவுற்றனர். அன்று தொடங்கிப் பல ஆண்டுகள் கத்தியே இதற்கு மருந்தாக இருந்தது. 1961ஆம் ஆண்டில் குளோமிஃபீன் என்னும் மாத்திரையால் முட்டையை வெளிவரச் செய்யலாம் என்று கிரீன்பிளாட்டும் அவருடன் பணியாற்றியோரும் அறிவித்தபின் நிலைமை மாறிற்று. வயிற்றைக் கிழித்துச் செய்த வேலையை ஒரு சிறு மாத்திரை செய்யத் தொடங்கியது.

அறிகுறிகளும் ஆய்வும்

வயதுவந்த பெண்ணுக்கு 21 நாள் முதல் 35 நாட்களுக்குள் ஒருமுறை மாதவிலக்கு வருதல் இயல்பு. 35 நாட்களுக்கு மேல் தள்ளிப் போவதும், ஓராண்டில் எட்டு முறைக்கும் குறைவாக வருவதும் கவனிக்கத்தக்கவை. மேலுதட்டிலும் மோவாயிலும் தடித்த மயிர் வளர்தல், ஆறாத முகப்பரு, தலைமயிர் மெலிதல் ஆகியவை மற்ற அறிகுறிகள். கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிப்பது இன்சுலின் கோளாற்றைக் காட்டும். இதனை அழுக்கென்று எண்ணித் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பெண்களும் உண்டு.

2003ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர்கள் இந்நோயை அறிய ஒரு விதி வகுத்தனர். ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண்தன்மை ஹார்மோனின் மிகுதி, சினைப்பையில் பல சிறு கூடுகள் காணப்படுதல் ஆகிய மூன்றனுள் இரண்டேனும் இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு மருத்துவ வழிகாட்டி, வயதுவந்தோருக்கு ஸ்கேனுக்கு மாற்றாக ஏ.எம்.எச். என்னும் இரத்தப் பரிசோதனையையும் ஏற்றுக்கொண்டுள்ளது. இவ்விதியிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். ஸ்கேனில் சிறு கூடுகள் தெரிந்தன என்பதனால் மட்டும் ஒருத்தி நோயாளி ஆகிவிடுவதில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வந்து வேறு அறிகுறியும் இல்லாதவள் அந்த ஸ்கேன் தாளைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. பூப்பெய்திய முதற்சில ஆண்டுகளில் மாதவிலக்கு முன்பின்னாக வருவதும் இயல்பே. சிறுமியருக்கு அவசரப்பட்டு இப்பெயரைச் சூட்டுதல் தவறு.

தைராய்டு சுரப்பியின் கோளாறும் புரோலாக்டின் என்னும் ஹார்மோனின் மிகுதியும் மாதவிலக்கைத் தள்ளிப் போடக்கூடும். இவை உள்ளனவா என்பதை இரத்தப் பரிசோதனையால் முதலில் தெளிந்துகொள்ளுதல் வேண்டும்.

சிகிச்சைக்கு முன் செய்ய வேண்டியவை

கூடி வாழ்ந்தும் ஓராண்டிற்குள் கருவுறாதவர் மருத்துவரை நாடுதல் பொதுவிதி. பெண்ணின் வயது 35ஐத் தாண்டியிருப்பின் ஆறு திங்களே எல்லை. ஆனால் மாதவிலக்கு ஒழுங்கின்றி வருபவள் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை. குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே மருத்துவரைக் காணலாம்.

முதற்கடமை, கணவனின் விந்துப் பரிசோதனை. இதில் வலியில்லை, செலவும் மிகக் குறைவு. கணவனிடம் குறை இருக்குமாயின் மனைவிக்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை கொடுத்துப் பயன் என்ன? விதையை ஆராயாமல் நிலத்தை மட்டும் திரும்பத் திரும்ப உழுவதை ஒத்த செயல் அது. பரிசோதனைக்குச் செல்வதில் ஆடவர் நாணம் கொள்ள வேண்டுவதில்லை. செல்ல மறுப்பதே நாணத்தக்கது.

கணவன் வெளியூரில் பணிபுரியும் குடும்பங்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களுமே கருவுறுவதற்கு ஏற்ற காலம். மாதவிலக்கு ஒழுங்கற்றிருக்கையில் அந்நாட்கள் எப்போது வரும் என்று கணிக்க இயலாது. சிகிச்சை நடைபெறும் திங்களில் மருத்துவர் குறிக்கும் நாட்களில் கணவன் ஊரில் இருக்குமாறு முன்னரே விடுப்புக்கு ஏற்பாடு செய்துகொள்ளுதல் நலம். இல்லையேல் மருந்து தன் வேலையைச் செய்தும் பயனின்றிப் போகும்.

பெண்ணுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தச்சோகை ஆகிய பரிசோதனைகள் செய்யப்பெற வேண்டும். கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ளுதல் வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டிலும் மூளையிலும் நேரக்கூடிய பிறவிக்குறைகளை அது பெருமளவு தடுக்கும்.

முதற்படி: உணவும் உடலுழைப்பும்

உடல் பருத்தவர் தம் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீர்ப்படுகிறது. சிலருக்கு மருந்தின்றியே கரு உண்டாகிறது. 70 கிலோ எடையுள்ளவளுக்கு இது 3½ முதல் 7 கிலோ மட்டுமே. பட்டினி கிடந்து இதனைச் செய்தல் கூடாது. தட்டில் சோற்றின் அளவைக் குறைத்துக் கீரை, காய்கறி, பயறு, முட்டை, மீன் ஆகியவற்றின் அளவைக் கூட்டுவதே வழி. சர்க்கரை இட்ட தேநீரும் பொட்டலத் தின்பண்டங்களும் நாளொன்றுக்கு எத்தனை முறை உள்ளே செல்கின்றன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கேழ்வரகும் கம்பும் நல்லுணவே. ஆயினும் அவையும் மாவுப்பொருள் மிகுந்தவை. அளவின்றி உண்டால் அவற்றாலும் எடை கூடும். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தலும் நன்று.

இங்கே ஒன்றைக் கூறுதல் அவசியம். இக்குறையுள்ள பெண்கள் அனைவரும் பருத்தவர் அல்லர். வயலில் நாள் முழுதும் குனிந்து களையெடுக்கும் மெலிந்த பெண்ணுக்கும் இது வருவதுண்டு. அவளிடம் "எடையைக் குறை" என்பது பொருளற்ற அறிவுரை. பருத்தவளையும் "தின்று தின்று கெடுத்துக்கொண்டாய்" என்று இடித்துரைத்தல் தகாது. அவள் உடலிலுள்ள இன்சுலின் கோளாறே எடையைக் கூட்டுகிறது. கூடிய எடை அக்கோளாற்றை மேலும் வளர்க்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே சிக்கியவளுக்கு வேண்டுவது துணையேயன்றி வசையன்று.

இரண்டாம் படி: மாத்திரைகள்

இன்று முதலிடம் பெற்றுள்ள மாத்திரை லெட்ரோசோல் என்பதாகும். மார்பகப் புற்றுநோய்க்கென உருவாக்கப்பட்ட மருந்து இது. உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் அளவைச் சில நாட்களுக்கு இது தாழ்த்துகிறது. அதனையறிந்த பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையை வலுவாகத் தூண்டுகிறது. தயங்கி நின்ற கூடுகளுள் ஒன்று வளர்ந்து முட்டையை வெளியிடுகிறது. மாதவிலக்கின் தொடக்க நாட்களில் ஐந்து நாட்களுக்கு மட்டும் இதனை உட்கொள்ளுதல் வழக்கம்.

இம்மருந்தைப் பற்றி நம் நாட்டில் ஓர் ஐயம் நிலவியது. கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு நேருமோ என்னும் அச்சத்தால், 2011ஆம் ஆண்டில் மத்திய அரசு மகப்பேற்றுச் சிகிச்சைக்கு இதனைப் பயன்படுத்தலாகாது என்று தடை விதித்தது. பின்னர் வெளிவந்த ஆய்வுகள், பழைய மாத்திரையான குளோமிஃபீனைவிட இதனால் பிறவிக்குறைகள் மிகுவதாகக் காட்டவில்லை. 2017ஆம் ஆண்டில் அத்தடை நீக்கப்பெற்றது. "புற்றுநோய் மருந்தை என் மருமகளுக்குக் கொடுக்கிறார்களே" என்று அஞ்சும் மாமியார்கள் இவ்வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது.

2014ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இக்குறையுள்ள 750 பெண்களைக் கொண்டு நடத்தப்பெற்றது. ஐந்து சுழற்சிகள் வரை சிகிச்சை பெற்றவர்களுள், லெட்ரோசோல் உட்கொண்டோரில் நூற்றுக்கு 27.5 பேரும், குளோமிஃபீன் உட்கொண்டோரில் நூற்றுக்கு 19.1 பேரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். அவ்வாய்வில் பங்குகொண்டோர் பெரும்பாலும் மிகப் பருத்த உடலினர் என்பதையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். நால்வருள் ஒருவருக்கு மேல், வெறும் மாத்திரையினாலேயே, அறுவையும் ஊசியுமின்றித் தாயாயினர் என்பது சிறிய செய்தியன்று. அதே வேளையில், மற்றவருக்கு அடுத்த படி தேவைப்பட்டது என்பதையும் மறைத்தல் ஆகாது.

மெட்ஃபார்மின் என்பது சர்க்கரை நோய்க்குரிய மாத்திரை. இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்க இது உதவுகிறது. ஆயினும் குழந்தைப் பேற்றுக்கென இதனை மட்டும் நம்பியிருத்தல் போதாது. 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், மெட்ஃபார்மின் மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 7.2 பேரே குழந்தை பெற்றனர். குளோமிஃபீன் பெற்றோருள் அது 22.5 ஆக இருந்தது. "சர்க்கரை மாத்திரை" ஒன்றையே ஆண்டுக்கணக்கில் விழுங்கிக் காத்திருக்கும் பெண்கள், அடுத்து என்ன செய்வது என்று மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

இம்மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி உட்கொள்ளுதல் பெருந்தவறு. மாதவிலக்கு வராமைக்குக் கருவுற்றிருப்பதே காரணமாகவும் இருக்கலாம். அந்நிலையில் இவை ஆகா. இரட்டைக் கரு உண்டாகும் வாய்ப்பும் சிறிதளவு மிகும்.

மூன்றாம் படி: ஊசியும் நுண்துளைச் சிகிச்சையும்

மாத்திரைகளால் முட்டை வெளிவராவிடில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோனையே ஊசியாகச் செலுத்துதல். இது வலிமை மிக்கது. ஆதலின் ஆபத்தும் மிக்கது. ஒரு கூடு வளர வேண்டிய இடத்தில் மூன்று நான்கு வளர்ந்து, மூன்று கருக்கள் ஒருங்கே உண்டாகலாம். எனவே சிறிதளவில் தொடங்கி, அடிக்கடி ஸ்கேன் செய்து பார்த்தே அளவைக் கூட்டுதல் வேண்டும். ஸ்கேன் வசதியில்லாத இடத்தில் இவ்வூசியைப் போட்டுக்கொள்ளுதல் கூடாது.

மற்றொன்று, வயிற்றில் சிறு துளையிட்டு, நுண்ணோக்குக் குழாயின் துணையால் சினைப்பையில் சில இடங்களை மின்சூட்டினால் துளைத்தல். 1984ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் யோனஸ் இம்முறையை வெளியிட்டார். ஸ்டைனும் லெவெந்தாலும் கத்தியால் செய்ததன் மென்மையான வடிவம் எனலாம். இதனால் பல கருக்கள் ஒருங்கே உண்டாகும் அச்சம் இல்லை. ஆயினும் இது மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவையே; தேவையின்றி அளவுமீறித் துளைத்தால் சினைப்பையின் முட்டை வளம் குன்றும்.

நான்காம் படி: சோதனைக் குழாய் முறை

முட்டையை ஊசியால் வெளியே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் விந்தணுவுடன் சேர்த்து, உண்டாகும் கருவைக் கருப்பையில் வைப்பது இம்முறை. 1978ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இங்கிலாந்தில் உலகின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயரின் முயற்சியால் கொல்கத்தாவிலும் ஒரு குழந்தை பிறந்தது. அவர் வாழ்ந்த நாளில் அவருடைய பணியை உலகம் ஏற்கவில்லை. பின்னரே அதன் பெருமை உணரப்பட்டது.

கருக்குழாய்கள் அடைபட்டிருந்தாலோ, கணவனிடம் பெருங்குறை இருந்தாலோ இம்முறையை முதலிலேயே நாட நேரலாம். நீர்க்கட்டி மட்டுமே குறையாயின், முந்திய படிகள் பயனளிக்காதபோதே இது தேவைப்படும்.

நீர்க்கட்டியுள்ள பெண்களுக்கு இம்முறையில் தனியான ஓர் ஆபத்து உண்டு. ஊசிக்கு அவர்களுடைய சினைப்பைகள் அளவுமீறி வீறுகொண்டெழுந்து, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளலாம். வயிறு உப்புதல், ஓயாத வாந்தி, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். இவ்வாபத்தைக் குறைக்க இன்று நல்ல வழிகள் உள்ளன. கருவை உடனே வைக்காமல் உறையச் செய்து பாதுகாத்து, உடல் தேறியபின் வைப்பது அவற்றுள் ஒன்று. 2016ஆம் ஆண்டில் சீனாவில் இக்குறையுள்ள 1,508 பெண்களிடம் நடத்திய ஆய்வில், உடனே வைத்தபோது நூற்றுக்கு 7.1 பேருக்கு நேர்ந்த இத்துன்பம், உறையவைத்துப் பின்னர் வைத்தபோது 1.3 பேருக்கே நேர்ந்தது. குழந்தை பெற்றோரும் நூற்றுக்கு 42 என்பதிலிருந்து 49.3 ஆக உயர்ந்தனர்.

சட்டமும் எச்சரிக்கையும்

2021ஆம் ஆண்டில் மத்திய அரசு இயற்றிய செயற்கைக் கருத்தரிப்பு முறைகள் ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்படி, இத்தகைய மையங்கள் அனைத்தும் பதிவுபெற்றிருத்தல் வேண்டும். 21 வயதுக்கு மேல் 50 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கும், 21 வயதுக்கு மேல் 55 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கும் மட்டுமே இச்சிகிச்சையளிக்கலாம். ஆணா பெண்ணா என்று தேர்ந்து கருவை வைப்பதாக எவரேனும் கூறினால் அது சட்டப்படி குற்றம்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து. இம்மையம் பதிவுபெற்றதா? எங்கள் குறை இன்னதென்று எழுத்தில் தருவீர்களா? மாத்திரைச் சிகிச்சை எங்களுக்கு ஏன் போதாது? மருந்து, ஊசி, ஸ்கேன் உட்பட ஒரு முறைக்கு மொத்தச் செலவு எவ்வளவு? முதன்முறை பலிக்காவிடில் பிறகு என்ன? இவற்றுக்கு நேரிய விடை தருபவரே நல்ல மருத்துவர். "குழந்தை உறுதி" என்று விளம்பரம் செய்பவரிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். மகப்பேற்றில் எந்த மருத்துவராலும் அத்தகைய உறுதியைத் தர இயலாது.

முதலிரண்டு படிகளுக்கு வேண்டிய ஆலோசனையை அரசு மருத்துவமனைகளின் மகப்பேறு மருத்துவர்களிடமே பெறலாம். 1844ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில், 2024ஆம் ஆண்டில் அரசின் செயற்கைக் கருத்தரிப்பு மையமும் திறக்கப்பெற்றது. நகையை அடகு வைக்குமுன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை கேட்டறிதல் எத்துணைச் சிறிய செயல்! அதனால் விளையும் நன்மையோ பெரிது.

கருவுற்ற பின்னரும்

கரு நின்றதும் கவலை தீர்ந்தது என்று இருந்துவிடலாகாது. இப்பெண்களுக்குக் கருக்காலச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் குறைமாதப் பேறும் மற்றவரைக் காட்டிலும் மிகுதியாக நேர்கின்றன. எனவே உடனே கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துகொண்டு, சர்க்கரைப் பரிசோதனையைத் தொடக்கத்திலேயே செய்துகொள்ளுதல் வேண்டும்.

குழந்தை வேண்டாதவரும், குழந்தை பெற்று முடித்தவரும்கூட இக்குறையைப் புறக்கணித்தல் கூடாது. பல திங்கள் மாதவிலக்கு வராமலேயே இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய்க்கு இடமளிக்கலாம். சர்க்கரை நோயும் இளவயதிலேயே வரக்கூடும். குழந்தை பிறந்ததும் இக்குறை மறைந்துவிடுகிறது என்னும் எண்ணம் தவறானது.

ஊராரின் கடமை

முதலில் கூறிய குடும்பத்திற்குத் திரும்புவோம். அவர்கள் செய்யத்தக்கது யாது? கணவன் அடுத்தமுறை ஊர் வரும்போது இருவரும் ஒன்றாக மாவட்ட அரசு மருத்துவமனைக்குச் செல்லட்டும். ஒரே நாளில் அவனுக்கு ஒரு பரிசோதனை. அவளுக்குச் சில பரிசோதனைகள். நீர்க்கட்டியே குறை என்று தெளிந்தால், உணவில் சில மாற்றங்களோடு மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரை தொடங்கட்டும். ஐந்தாறு சுழற்சிகள் பொறுத்துப் பார்க்கட்டும். அதுவரை நகைகள் பெட்டியிலேயே இருக்கட்டும். பயனில்லையேல் அடுத்த படி உண்டு. அதற்கும் மேலே ஒரு படி உண்டு. இக்குறையுள்ள பெண்களுள் பெரும்பாலோர், சிகிச்சையினாலோ அது இன்றியோ, தாய்மை அடைகின்றனர் என்பது மருத்துவர் கண்ட உண்மை.

சிலருக்கு எல்லாப் படிகளும் ஏறியும் குழந்தை வாய்க்காமற் போகலாம். அவர்களும் நம் ஊரின் மகளிரே. குழந்தையின்மையால் ஒரு பெண்ணின் மதிப்பு அணுவளவும் குறைவதில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் இதனைத் தம் கூட்டங்களில் எடுத்துரைத்தல் வேண்டும். "மலடி" என்னும் சொல்லைத் தம் ஊரில் எவரும் வழங்குவதில்லை என்று ஒரு கிராமம் உறுதிகொள்ளுமாயின், அதுவும் அவ்வூர் கண்ட வளர்ச்சிகளுள் ஒன்றாகவே எண்ணப்பெறும். வளைகாப்புக்கு வந்து ஓரமாக நிற்கும் பெண்ணைக் கைப்பிடித்து முன்னே அழைத்து வந்து, "நீயும் ஒரு வளையல் இடு, அம்மா" என்று மூத்தவர் ஒருவர் கூறுவாராக. அதற்குச் செலவு ஏதும் இல்லை. மருந்தை நம்பிக் காத்திருக்கும் அவளுக்கு அச்சொல்லும் ஒரு மருந்தாகும்.